மகளைக் குளிப்பாட்டிய கைகள்

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் குளிப்பாட்டியது நான்தான், அவள் அம்மா அல்ல. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்த ஆண்பிள்ளையும் செய்யாத காரியம் அது. சங்கரன்கோவிலில், ஒரு பொது முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு வீடுகள் இருந்த வளவில் நாங்கள் குடியிருந்தோம். காலையில் நான் வேட்டியை மடித்துக் கட்டிப் பலகையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொண்டால், தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி பட்டாளத்துல போயி பிள்ளை குளுப்பாட்டல்லா படிச்சுட்டு வந்திருக்காக" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் பெருமைதான். என் மனைவி மட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நிற்பாள், சிரிக்க மாட்டாள்.

நான் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவன் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அஸ்ஸாம் பக்கத்தில் ஒரு முகாம் ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்தேன். கழுவுவதுதான் என் உத்தியோகம். கட்டிலைக் கழுவ வேண்டும், பாத்திரத்தைக் கழுவ வேண்டும், புண் பிடித்துச் சேறும் சீழுமாக வந்து சேர்கிற ஆட்களைக் கழுவ வேண்டும். கையில் மருந்து வாசம் அடிக்கிற சிவப்புச் சோப்பு எந்நேரமும் இருக்கும். அழுக்குதான் நோய், அழுக்கு போனால் நோய் போகும் என்று அங்கே ஒரு சார்ஜண்ட் தினமும் கத்துவார். நான் அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

யார் யாரையோ நான் அங்கே கழுவிக்கொண்டிருந்தபோது, இங்கே இளையரசனேந்தல் பக்கத்து எங்கள் கிராமத்தில் என் மூத்த பையன் வாந்திபேதியில் இறந்துபோனான். லீவில் வந்தபோது ஒரே ஒரு தடவை அவனைத் தூக்கியிருந்தேன். கழுத்து நிற்காத பருவம். பிறகு அவன் நடந்தான், பேசினான் என்பதெல்லாம் எனக்குக் கேள்வியாகத்தான் வந்தது. இறந்த செய்தியும் அப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகிற வழியிலேயே பையன் என் மனைவியின் மடியில் அடங்கிவிட்டான் என்று அண்ணன் பிறகு சொன்னார். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியதும் எனக்குச் சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி அரைவை ஆலையில் வேலை கிடைத்தது. பருத்தி மூட்டைகளை எடை பார்த்து அனுப்புகிற வேலை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து குடி வைத்தேன். வந்த நாளிலிருந்து வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆற வேண்டும். தரையில் பினாயில் தெளிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் செய்தாள். மனதுக்குள் நான் ஓயாமல் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: அன்றைக்கு நான் ஊரில் இருந்திருந்தால், இதையெல்லாம் செய்திருந்தால், பையன் இருந்திருப்பான். ஊரில் இல்லாமல் போனவனுக்கு அந்த நினைப்பு தினமும் செய்ய ஒரு வேலையைக் கொடுத்தது.

மகள் பிறந்தாள். பேறுகாலத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் ஊருக்குத் திரும்பியதும் நான் குளிப்பாட்டத் தொடங்கினேன். காலையும் மாலையும் இரண்டு வேளை. கை பொறுக்கிற சூட்டுக்கு ஒரு படி மேலாகவே தண்ணீர் இருக்கும். கடையில் தேடிப் பிடித்து அதே சிவப்புச் சோப்பை வாங்கி வந்திருந்தேன். எங்கள் வளவுக் கிணறு உப்புத் தண்ணீர். சோப்பு லேசில் நுரைக்காது. நுரைக்கும்வரை தேய்ப்பேன். பிறகு வெள்ளையாகப் படிவது போகும்வரை தேய்ப்பேன்.

முதல் சில நாட்களில் என் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயைச் சூடு காட்டிக் கொண்டுவந்தாள்.

"குளுப்பாட்ட முன்னால கொஞ்சம் தடவிருவோமே. பச்சை உடம்பு."

"எண்ணெயைத் தடவினா தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கிடும். தூசியோட கிருமியும் வரும். உள்ள கொண்டு வை" என்றேன்.

"எல்லாப் பிள்ளைக்கும் தடவத்தானே செய்யுதாக?"

"எல்லாப் பிள்ளையும் நல்லாவா இருக்கு?"

அவள் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பிள்ளை சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் தோலில் வித்தியாசம் தெரிந்தது. ஆனி பிறந்தால் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து காற்று ஊதும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் கரிசலுக்கு வெறும் காற்றாக வந்து சேரும். ஈரத் துணி கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் சொரசொரவென்று ஆகிவிடும். பெரியவர்களுக்கே உதடு வெடிக்கும். பிள்ளையின் கன்னம் முதலில் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கணுக்கால். தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. அவள் சொறிய ஆரம்பித்தாள். சொறிந்த இடத்தில் மெல்லிய கோடு கோடாகத் தோல் வெடித்து நீர் கசிந்தது.

முகாமில் நான் சொறி சிரங்கை நிறையப் பார்த்திருந்தேன். அதற்கு அங்கே ஒரே வைத்தியம்தான். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பொருக்கு உதிரும்வரை தேய்த்து, அதன்மேல் கந்தகக் களிம்பு பூச வேண்டும். என் மகளுக்கும் அதுதான் வந்திருக்கிறது என்று யாரையும் கேட்காமல் முடிவு கட்டினேன். பீர்க்கங்காய் நாரை வெட்டி வைத்துக்கொண்டேன். கடைத்தெருவில் கந்தகக் களிம்பு வாங்கினேன். மறுநாள் காலையில் நாரில் சோப்பைப் போட்டு முழங்கை மடிப்பில் தேய்த்தபோது அவள் கத்திய கத்தலில் வளவில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள்: "மதினி, கோயில்ல புத்துமண்ணு வாங்கியாந்து போட்டுப் பாருங்களேன். எங்கெங்க இருந்தோ சனங்க அதுக்குன்னு வருதாங்க. நாம இங்கனயே இருந்துக்கிட்டு..."

"மண்ணைப் போயி புண்ணுல பூசச் சொல்லுதீங்களா?" என்று நான் முற்றத்திலிருந்தே கத்தினேன். அந்தப் பெண் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வளவில் யாரும் எனக்கு யோசனை சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது சிரிக்கவும் இல்லை.

நான் தேய்க்கத் தேய்க்கப் புண் கூடியது. புண் கூடக் கூட நான் இன்னும் நன்றாகத் தேய்த்தேன். இப்போது நினைத்தால் அதில் என்ன புத்தி இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை. கை ஓங்கி அடித்திருந்தால்கூட, அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் கை தாழ்ந்திருக்கும். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருந்ததால் அந்த அழுகை எனக்குக் கேட்கவே இல்லை.

அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் ஆலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் வெறும் கையோடு கூப்பிட்டாலும் வர மாட்டாள். மிட்டாய் வாங்கி வந்து நீட்டினாலும் வர மாட்டாள். அவள் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "வேண்டாம்" என்பதுதான். அதைக்கூட நான் வளவில் வேடிக்கையாகச் சொன்னேன், பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று.

சில நாட்கள் புண் கொஞ்சம் வாடினாற்போல இருந்தது. என் வைத்தியம் பலிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு சாயங்காலம் அவளைப் பலகையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது தண்ணீர் தோலில் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கழுத்து மடிப்பில் விரலை வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

"ஏட்டி, இங்க வா."

என் மனைவி வந்தாள்.

"பிள்ளைக்கு எண்ணெய் தடவினியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"நீங்க வேலைக்குப் போன பிறவு தடவுதேன். தடவினா சொறியாமத் தூங்குதா. நீங்களே பாருங்களேன், வெடிப்பெல்லாம் கொஞ்சம் மூடியிருக்கு" என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. அதோடு கொஞ்சம் ஆசையும் இருந்தது, நான் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வேன் என்று.

நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் ஒன்று நடந்திருக்கிறது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஏறியது.

"ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணுல வச்சது உனக்குப் போதாதா?" என்று கேட்டேன்.

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து என் காலருகே வைத்தாள். பிறகு குனிந்து, திமிறிக்கொண்டிருந்த பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், நான் தேய்ப்பதற்கு வசதியாக.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அவள்தான் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. தண்ணீர் காய்ந்ததும் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு அலறும். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்ன சொல் தப்பு என்பது அதைச் சொன்ன நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும். திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வாய் வார்த்தை போதும். அவள் இவ்வளவு சொன்னபடி கேட்கும்போது எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடிக்காற்று உச்சத்தில் இருந்தது. தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறையக் கூட்டம். அந்த வாரத்தில் ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கணுக்காலில் இருந்த வெடிப்புகள் பழுத்து, கால் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. தொடையில் நெறி கட்டியிருந்தது. முகாமில் பார்த்தவன் ஆகையால் அது என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. புண் வழியாக விஷம் உள்ளே இறங்கியிருந்தது.

திருநெல்வேலிக்கு பஸ் பிடித்தோம். திருவிழாவுக்கு வந்து திரும்புகிற கூட்டம் பஸ்ஸில் நெருக்கியது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவின் மடியில் கிடந்தாள். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் மூச்சு வருகிறதா என்று வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். மாட்டுவண்டியிலும் இப்படித்தான் கையை வைத்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வயதான ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். புண்ணோடு ஒட்டிப்போயிருந்த துணியை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுத்தார்கள். முழங்கை, கழுத்து, முதுகு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தார்கள்.

"என்ன போட்டுக் குளிப்பாட்டறே?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள்.

"சோப்பு போட்டு."

"என்ன சோப்பு?"

"சிவப்புச் சோப்பு. அப்புறம் நாரு."

"நாரா? இந்தத் தோலிலயா?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "அழுக்குப் பாத்திரம்னு நினைச்சியா பிள்ளையை? மேல் தோலே இல்லையேம்மா. பெத்தவ செய்யற காரியமா இது?"

நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் இருந்த மற்றத் தாய்மார்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அவளுக்கு ஓர் அடி பின்னால் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் சாக்கு. சொல்லாமல் இருக்க முடிந்தது, இருந்தேன்.

பிள்ளைக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். அப்போது அது புதிதாக வந்திருந்த மருந்து. வார்டில் படுக்கை கொடுத்தார்கள். ஆண்கள் வெளியில்தான் இருக்க வேண்டும். நான் வராந்தாவில் விழுந்து கிடந்தேன். மறுநாள் விடிந்ததும் டாக்டரம்மா வருகிற வழியில் போய் நின்றேன்.

"குளிப்பாட்டினது அவ இல்லை, நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா. எண்ணெய் தடவினா. நான் தடுத்துட்டேன்."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நேத்து வாயை மூடிக்கிட்டு நின்னியே?"

"ஆமாம்மா."

கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையை எடுத்து, புண் இல்லாத ஓர் இடத்தைக் காட்டினார்கள்.

"தோலுக்குன்னு ஒரு எண்ணெய்ப் பசை உண்டு. உடம்புக்குள்ள இருக்கிற ஈரத்தை வெளியே விடாம வச்சிருக்கிறது அதுதான். வெளியே இருக்கிற கிருமியை உள்ளே விடாம வச்சிருக்கிறதும் அதுதான். நீ சுடுதண்ணியும் சோப்பும் போட்டு அதை எடுத்துட்டே. உங்க ஊர்க் காத்து மிச்சம் இருந்த ஈரத்தையும் உறிஞ்சிடுச்சு. தோல் காஞ்சா வெடிக்கும், வெடிச்சா அரிக்கும், சொறிஞ்சா புண்ணாகும். கிருமியைக் கழுவறேன்னு நினைச்சுக்கிட்டு நீயே அதுக்கு வழி விட்டிருக்கே. இது சொறி சிரங்கே இல்லை. பிறவியிலேயே வறண்ட தோல். சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான்."

"அப்ப நான் சோப்பு போடாம இருந்தாலும் வந்திருக்குமா?" என்று கேட்டேன். கேட்ட உடனே வெட்கமாகிவிட்டது.

"கொஞ்சம் வந்திருக்கும். இவ்வளவு வந்திருக்காது" என்றார்கள்.

இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்பதை என் மனைவியை எழுப்பி அவளிடம்தான் சொன்னார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரே வேளை, சட்டென்று முடித்துவிட வேண்டும். சோப்பு கூடாது. துண்டால் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுவதும் காய்வதற்குள் ஆஸ்பத்திரியில் தருகிற களிம்பைத் தடவிவிட வேண்டும், அப்போதுதான் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். களிம்பு இல்லாவிட்டால் சுத்தமான தேங்காயெண்ணெய். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். உடுத்திப் பழகிய பழைய வேட்டித் துணியில் சட்டை தைத்துப் போட வேண்டும். "நேத்து உன்னை வைஞ்சுட்டேன், மனசுல வச்சுக்காதே" என்று கடைசியில் சொன்னார்கள். என் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

காய்ச்சல் இறங்கிய நாளில், பிள்ளை தூங்குகிற நேரத்தில், அவளை வெளியே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்லா..." என்று ஆரம்பித்தேன்.

"அதை எடுக்காதீக."

"எடுக்காம எப்படி? வாயில வரக்கூடாத சொல்லு அது."

அவள் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லி நான் புதுசாக் கேக்கலை. அவன் போன அன்னையிலேருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்தை அப்படிக் கேக்கலையா, சரி, நாம நினைக்கது தப்பா இருக்கும்னு மனசுல ஒரு ஓரத்துல கிடந்துச்சு. நீங்களும் சொன்ன பிறவு அதுவும் போயிட்டு."

அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஒரு பிள்ளைக்கு என் புத்தி உதவலை. பிறவு இந்தப் பிள்ளைக்கு மட்டும் என் புத்தியை எப்படி நம்ப? அதான் நீங்க சொன்னபடி செஞ்சுருவோம்னு பிடிச்சேன். அவ கத்தும்போது, இது என் கையே இல்லைன்னு வச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன், பையனுக்கு என்ன நடந்தது என்று. அவள் சொன்னாள். காலையில் விளையாடிக்கொண்டிருந்தது, மத்தியானம் வயிற்றால் போனது, பொழுது சாய்வதற்குள் கண் குழிந்தது, வண்டிக்கு மாடு கிடைக்காமல் வீடு வீடாக ஓடியது, வழியில் அவன் தண்ணீர் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க லீவுல வந்தப்போ தண்ணியைக் காய்ச்சிக் குடுன்னு சொல்லிட்டுப் போனீகள்லா. ஒரு நாள் தவறாமக் காய்ச்சித்தான் குடுத்தேன்" என்றாள். "அப்படியும் வந்துட்டு."

நான் அவ்வளவு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு அங்கே தரைமட்டமானது. நான் ஊரில் இருந்திருந்தால் செய்திருப்பேன் என்று நினைத்ததையெல்லாம் அவள் செய்திருந்தாள். அவள் மடியில் தலையை வைத்து அழ வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, "பிள்ளை முழிச்சிருக்கும்" என்று உள்ளே போனாள்.

ஊருக்கு வந்ததும் சோப்பையும் நாரையும் கந்தகத்தையும் எடுத்துப் போட்டேன். குளிப்பாட்டுகிற இடத்துக்கே நான் போகவில்லை. உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று, விடியுமுன்பே ஊருக்கு வெளியிலிருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய் இரண்டு குடம் எடுத்து வந்து, வெதுவெதுப்பாக்கி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவேன். நான் வீட்டில் இருந்தால் பிள்ளை பலகையில் உட்கார மாட்டாள். என் நிழல் பட்டாலே உடம்பைக் குறுக்கிக்கொள்வாள். தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகைச் சத்தம் இல்லாமல் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஐப்பசி மழை இறங்கிக் காற்றில் ஈரம் வந்தபோது தோல் மூடியது. கன்னம் சொரசொரப்பு போய் மழமழவென்று ஆனது. என் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, பிள்ளையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "பயப்படாதீக, நெத்தியிலதான் வைக்கேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அதில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் நெற்றியைக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய், "அன்னைக்குக் கத்திட்டேன்மா" என்றேன். "அதுக்கென்ன அண்ணாச்சி" என்றாள். ஆனால் பழைய மாதிரி என்னிடம் வாயாடுவதை விட்டுவிட்டாள்.

மகள் வளர்ந்தாள். என்னோடு பேசுவாள், நான் வாங்கி வருவதைத் தின்பாள், ஆலைக்குப் போகும்போது குடையை எடுத்துக் கொடுப்பாள். தொட விட மாட்டாள். தூக்கப் போனால் மெதுவாக நழுவிவிடுவாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அந்த வயதில் நடந்தது எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? உடம்புக்குத்தான் ஞாபகம் இருந்தது போல.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், மறுபடியும் காற்றுக்காலத்தில், என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் தோல் லேசாக வெளுத்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தடவாவிட்டால் சொறிந்துவிடுவாள். "நீங்க தடவி விடுங்க" என்று என் மனைவி படுக்கையிலிருந்து சொன்னாள்.

"வளவுல யாரையாவது கூப்பிடுதேனே."

"நீங்கதான் இருக்கீகள்லா."

பிள்ளை தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்து நின்றாள். துண்டால் ஒற்றிவிட்டேன். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கையாலும் சூடாக்கினேன். அவள் கையை நீட்டினாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. முழங்கையில் என் கை பட்டதும் உடம்பு முழுக்க ஒரு தரம் குலுங்கியது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"அப்பா, தேய்க்கப்படாது" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. "தடவணும்."

"சரிம்மா. தேய்க்க மாட்டேன்."

தடவினேன். முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முழங்கால் மடிப்பு, கணுக்கால். கணுக்காலில் பழைய வடு ஒன்று வெள்ளையாக, நகம் அளவுக்கு இருந்தது. அதைச் சுற்றி இன்னும் மெதுவாகத் தடவினேன். அவள் சட்டையை மாட்டிக்கொண்டு, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றதும் வாசலுக்கு ஓடிவிட்டாள். மறுநாளும் வந்து நின்றாள். என் மனைவி எழுந்து நடமாடும்வரை நான்தான் தடவினேன். ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். காற்றுக்காலத்தில் இன்னும் அவளுக்குக் கை கால் வெடிக்கும், எண்ணெய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சோப்பு போடாமல் இருந்தாலும் கொஞ்சம் வந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை என் மனைவி அடிக்கடி எனக்கு எடுத்துச் சொல்வாள், என் மனசு ஆறட்டும் என்று. "கொஞ்சம்" என்பதை மட்டும்தான் சொல்வாள், இவ்வளவு வந்திருக்காது என்ற மிச்சத்தைச் சொல்ல மாட்டாள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.